நடுவர் கற்கவேண்டிய மற்றொரு விதி

விளையாட்டும் கல்வியின் ஓர் உறுப்பே என்னுங் கொள்கை மிஷன் கல்லூரிகளில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்பது. 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் வை.எம்.சி.ஏ. சங்கத்தின் சார்பாகத் தேகப்பயிற்சிப் பள்ளியொன்றை நிறுவினார். ஆடுவோர்க்கு மட்டுமன்றி ஆட்டுவிப்போர்க்கும் முறையான பயிற்சி வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்கருத்து. நம் கல்லூரியிற் பயின்று சென்ற பழைய மாணவருள்ளும், பள்ளிகளில் தேகப்பயிற்சி உபாத்தியாயராகவும், கால்பந்து, ஹாக்கி, கபடி முதலிய ஆட்டங்களுக்கு நடுவராகவும், கிரிக்கெட்டிற்கு அம்பயராகவும் தொண்டு புரிவோர் பலர். இன்று பயில்வோரும் விடுமுறை நாட்களிற் பள்ளிச் சிறாரின் பந்தயங்களுக்கு விசிலேந்திச் செல்கின்றனர், புள்ளி குறிக்கின்றனர், குழுக்களை வெளியூருக்கு அழைத்துச் செல்கின்றனர்.

இவர்கள் தத்தம் ஆட்டத்தின் விதிகளை ஐயந்திரிபறக் கற்றே செல்கின்றனர். ஆப்சைடு எது, நோபால் எது என்பதில் அவர்களை மடக்குதல் அரிது. ஆயினும் அவர்களுக்குப் பெரும்பாலும் கற்பிக்கப்படாத விதி ஒன்றுண்டு. மைதானத்தில் நிற்கும் சிறுவனோ சிறுமியோ வயதுவந்தோர் ஒருவரால் தீங்குறுவதைக் கண்டால், கேட்டால், ஐயுற்றால், அன்றைக்கே செய்யவேண்டுவது யாது என்பதே அவ்விதி. பதினெட்டு வயதிற்குட்பட்டார் ஆடும் ஆட்டங்களை நடத்தப் புகும் எவரும், நடுவராயினும் புள்ளிக்காரராயினும் குழுவின் மேலாளராயினும், இதனை முறையாகப் பயின்ற பின்னரே மைதானத்தில் இறங்கவேண்டும் என்பது எம் கொள்கை. அதற்குரிய காரணங்களை ஈண்டுக் கூறுவாம்.

இவ்விஷயத்தில் இங்கிலாந்து பெற்ற அனுபவம் நாம் கற்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டுச் சியோல் ஒலிம்பிக் பந்தயங்களில் பிரிட்டிஷ் நீச்சற்குழுவிற்குப் பயிற்சியளித்த பால் ஹிக்சன் என்பார், தம்மிடம் பயின்ற இளம்பெண்களைக் கெடுத்த குற்றத்திற்காக 1995-இல் 17 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நாட்டின் மிக உயர்ந்த பதவியிலிருந்த பயிற்றுநரே இங்ஙனம் செய்தார் என்பது வெளிப்பட்டபோது, விளையாட்டுச் சங்கங்கள் யாவும் விழித்தெழுந்திருத்தல் வேண்டும். குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிப்பதற்கென்றே விளையாட்டுத் துறையில் ஒரு தனிப்பிரிவு அந்நாட்டிற் பிறந்தது 2001-ஆம் ஆண்டிலேதான்.

கால்பந்தாட்டத்தின் கதை இதனினும் துயரமானது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆண்டி உட்வர்டு என்னும் முன்னாள் ஆட்டக்காரர், தம் இளம்பருவத்தில் பயிற்றுநர் பாரி பெனல் என்பவரால் அடைந்த கொடுமையைத் தம் பெயரோடு பத்திரிகையில் வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து பற்பலர் வாய்திறந்தனர். பெனல் 2018-இல் 30 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கால்பந்துச் சங்கத்தின் வேண்டுகோளின்படி கிளைவ் ஷெல்டன் என்னும் வழக்கறிஞர் 1970 முதல் 2005 வரையுள்ள காலத்தை ஆராய்ந்து, 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அறிக்கை வெளியிட்டார். குறைந்தது 240 பேர் மீது ஐயமும், 692 பேர் தீங்குற்றமையும் அவ்வறிக்கையிற் காணப்படுகின்றன. அபாயம் தெரிந்த பின்னும், சிறப்பாக 1995 முதல் 2000 வரை, சங்கம் மிக மெதுவாகவே நடந்துகொண்டது என்று அது கண்டித்தது. கழகங்களின் அதிகாரிகளிடம் முறையிடப்பட்ட இடங்களிலும், அவர்கள் தக்கவாறு செயற்பட்டது அரிது என்றும் கூறிற்று.

இவ்விறுதிச் செய்தியை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவ்வதிகாரிகள் அனைவரும் தீயவர் அல்லர். பெரும்பாலார் விளையாட்டையும் சிறுவரையும் நேசித்தவர்களே. ஆனால், ஒரு வதந்தி காதில் விழுந்தால் அதனை யாரிடம் சொல்வது, சிறுவன் அழுதுகொண்டு வந்தால் அவனிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்கு எவரும் கற்பித்தாரில்லை. கற்பிக்கப்படாத நல்லவர், தம் நண்பரைப் பற்றித் தீயது கேட்குங்கால் நம்ப மறுத்து வாளாவிருப்பர். குற்றம் புரிவோன் ஒருவனாயினும், அவனுக்கு நிழலாய் அமைவது இத்தகையோரின் மௌனமே. ஆகவே, இப்பயிற்சி தீயோரைத் திருத்தும்பொருட்டு என்று எண்ணுவது பிழை. தீயோன் ஒரு வகுப்பிலே திருந்திவிடுவான் என்று யாம் நம்பவில்லை. நல்லோரின் வாயையும் கண்ணையும் திறப்பதற்கே இது வேண்டப்படுகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே நிகழ்ந்தது காலதாமதத்தின் கொடுமையைக் காட்டுவது. பெண்கள் ஜிம்னாஸ்டிக் தேசீயக் குழுவின் வைத்தியராகவும், மிச்சிகன் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் வைத்தியராகவும் விளங்கிய லாரி நாசர் என்பவர், சிகிச்சை என்னும் பெயரால் நூற்றுக்கணக்கான பெண்களுக்கும் சிறுமியருக்கும் தீங்கிழைத்தார். சில வேளைகளில் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே, அவர்கள் கண்ணுக்கு மறைவாக அது நிகழ்ந்தது. 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நாட்டுக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறைக்குச் செய்தி எட்டியும், உரிய நடவடிக்கை தொடரவில்லை. 2016 செப்டம்பரில் ஒரு பத்திரிகை வெளிப்படுத்திய பின்னரே உலகம் அறிந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய 70 பேரோ அதற்கு மேற்பட்டோரோ அவரால் தீங்குற்றதாகச் சிவில் வழக்கின் ஆவணங்கள் கூறுகின்றன என்பதை அந்நாட்டு நீதி இலாகாவின் தணிக்கைத் தலைவர் 2021-இல் எடுத்துக்காட்டினார். 2018 ஜனவரியில் 150-க்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தில் நின்று தம் துயரைக் கூறிய பின், நாசருக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறைவாசம் விதிக்கப்பட்டது. அடுத்த மாதத்திலேயே அந்நாட்டார் ஒரு சட்டம் இயற்றினர். இளையோரைப் பயிற்றும் விளையாட்டுச் சங்கங்களின் பொறுப்பிலுள்ளோர், குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததென ஐயுற்றால் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும் என்பதும், வயதுவந்தவர் ஒருவர் சிறார் ஒருவரோடு பிறர் பார்வைக்கு எட்டாமல் தனித்திருத்தலைத் தடுக்கும் முறைகள் வேண்டும் என்பதும் அதன்கண் உள்ளன.

இவையெல்லாம் மேனாட்டுச் செய்திகள், நமக்கு எட்டாதவை என்று எண்ணுதல் ஆகாது. நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகின்றது. போக்சோ என்று வழங்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதிற்குட்பட்ட யாவரையும் குழந்தையென்றே கொள்கின்றது. குற்றம் நிகழ்ந்ததென அறிந்தவர் மட்டுமன்றி, நிகழக்கூடும் என அஞ்சுபவரும் போலீஸாரிடம் தெரிவிக்கவேண்டும் என்பது அதன் 19-ஆம் பிரிவு. தெரிவியாது விடுவோர்க்கு ஆறு மாதம் வரையிலும், தம் கீழுள்ளார் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவர்க்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டென்பது 21-ஆம் பிரிவு. இச்சட்டத்தின்கீழ் 2020-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், குழந்தைகளோடு இடையறாது பழகும் நிறுவனங்களைக் குறிப்பிடுங்கால் பள்ளிகளோடு விளையாட்டுப் பயிற்சிக்கூடங்களையும் பெயர்சொல்லியே குறிக்கின்றன. அங்குப் பணிபுரிவோர் ஒவ்வொருவரையும் பற்றிப் போலீஸ் விசாரணை நடைபெறவேண்டும். குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிக் காலந்தோறும் பயிற்சி அளிக்கப்படவேண்டும் என்று அவை விதிக்கின்றன. 2025-ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசீய விளையாட்டு ஆளுகைச் சட்டமும், பெண்களையும் சிறாரையும் காப்பதற்கான கொள்கை வேண்டும் என்கின்றது. சட்டம் குறைவற்றது. அச்சட்டம் சிற்றூர் மைதானத்தில் விசிலேந்தி நிற்கும் இளைஞன் காதிற்குச் சென்று சேர்ந்ததா என்பதே வினா.

பயிற்றுநருக்கு இது தேவைதான். இரண்டு மணி நேரம் வந்து போகும் நடுவருக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நடுவருக்கே இது பெரிதும் தேவை என்பது எம் கருத்து. குழுவிற் சேர்ப்பதும் நீக்குவதும் பயிற்றுநர் கையில் உள்ளன. உதவித்தொகை, விளையாட்டு விடுதியில் இடம், பிற்காலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் உத்தியோகம் ஆகிய எல்லா நம்பிக்கையும் அவர் சொல்லைப் பற்றியே தொங்குகின்றன. அத்தகையவரைப் பற்றி ஓர் ஏழைச் சிறுமி தன் குழுவினுள்ளே யாரிடம் சொல்வாள்? நடுவரோ அக்குழுவைச் சாராதவர். அப்பயிற்றுநரின் தயவை நாடி நிற்பவரும் அல்லர். அன்றியும், ஓர் ஆண்டில் பல குழுக்களை அருகிருந்து காண்பவர் அவர். ஒரு குழந்தை தவறிழைத்தவுடன் எல்லைக்கோட்டை நோக்கி நடுங்குவதையும், தோற்ற குழுவினர் அடிபடுவதையும், பயிற்றுநர் ஒருவர் தம் கை படவேண்டாத இடத்திற் கைவைத்து நடப்பதையும் முதலிற் காணும் வாய்ப்பு அவருக்கே உண்டு. காணும் கண் பயிலாவிடின், எதிரே நிகழ்வதும் புலப்படாது.

இனிப் பயிற்சியில் அடங்கவேண்டுவன யாவை? சட்டத்தின் சாரம் முதலாவது. தீங்கின் வகைகள் இரண்டாவது. பாலியற் குற்றம் ஒன்றே தீங்கு என்று எண்ணுதல் கூடாது. பிரம்படி, இழிசொல், உடல் எடையைக் குறைக்கவேண்டிப் பட்டினி போடுதல், தண்டனையாக வெயிலில் ஓடவிடுதல் ஆகியனவும் தீங்கேயாம். இத்தகையோர் குழந்தையை அணுகும் விதம் மூன்றாவது. பரிசுப் பொருள், தனிப் பயிற்சி, இரவில் கைப்பேசிச் செய்தி, இது நம் இருவர்க்குள் இருக்கட்டும் என்னும் பேச்சு என்றிவ்வாறு படிப்படியாகவே வலை விரிக்கப்படும். இவற்றுள் ஒன்றுமட்டும் காணப்படின் அது குற்றமாகாது; அடுக்கிவரக் காணின் வாளாவிருத்தல் தகாது.

நான்காவது, குழந்தை வாய்திறந்தால் கேட்கும் முறை. இதுவே எல்லாவற்றிலும் அரியது. பதறலாகாது, ‘உண்மையா?’ என்று ஐயுற்று வினவலாகாது. ‘அவர் இன்னது செய்தாரா?’ என்று விடையை நாமே எடுத்துக்கொடுக்கலாகாது. ஒருவரிடமும் சொல்லேன் என்று வாக்களிக்கலாகாது. அவ்வாக்கைக் காத்தால் சட்டத்தை மீறினவராவோம். மீறினால் குழந்தையின் நம்பிக்கையைக் கொன்றவராவோம். ‘நீ சொன்னது நல்லது, இது உன் குற்றமன்று, உனக்கு உதவக்கூடியவரிடம் நான் சொல்லியாகவேண்டும்’ என்பது போதும். பின்னர், குழந்தையின் சொற்களை அதன் வாய்மொழியாகவே, நாளும் நேரமும் குறித்து எழுதிவைத்து, அன்றைக்கே தெரிவிக்கவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் தாமே சென்று விசாரித்தலும், குழந்தையின் பெயரை வாட்ஸப் குழுவிற் பரப்புதலும் உதவியாகா. அவை இரண்டாவது தீங்கு. 1098 என்னும் குழந்தை உதவித் தொலைபேசி எண் ஒவ்வொரு நடுவர்க்கும் நினைவிலிருத்தல் நலம்.

ஐந்தாவது, வருமுன் காக்கும் ஏற்பாடுகள். வெளியூர்ப் பயணத்தில் வயதுவந்தோர் இருவராவது உடன்செல்லுதல். சிறுமியர் குழுவுடன் ஒரு பெண்மணி கட்டாயம் இருத்தல். பயிற்றுநர் எவரும் சிறாரோடு ஒரே அறையில் உறங்காமை. எடை பார்த்தல், சுளுக்குக்குக் கட்டுக் கட்டுதல், உருவுதல் ஆகியவற்றைப் பிறர் காணவே செய்தல். உடைமாற்றும் அறைக்குள் கைப்பேசி கொண்டுசெல்லாமை. செய்திகளைப் பெற்றோரும் சேர்ந்த குழுவிலேயே அனுப்புதல் முதலியன இவ்வகையின. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா, மனவுறுதியே வேண்டும்.

இக்கொள்கைக்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் நடுநிலையோடு நோக்குவாம். குருவென்று வணங்கத்தக்க பயிற்றுநரைக் கள்வர்போல் ஐயுறுவதா என்பது முதலாவது தடை. கால்பந்து நடுவர், ஆட்டந் தொடங்குமுன் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பூட்ஸையும் நோக்குகின்றார். மோதிரத்தைக் கழற்றச் சொல்கின்றார். அதனால் எவரும் தம்மை முரடரென்று கருதியதாக மனம் புண்படுவதில்லை. எல்லார்க்கும் பொதுவாய் அமைந்த விதி ஒருவரையும் இழிவுபடுத்தாது. அன்றியும், பிறர் காணவே எல்லாவற்றையும் செய்யும் பயிற்றுநர் மீது வீண்பழி ஏறுவது அரிது. குழந்தையைக் காக்கும் வேலியே அவரையும் காக்கின்றது.

பொய்ப்புகாரால் நல்லவர் கெடுவாரே என்பது இரண்டாவது. இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் தெரிவிப்பவர் நீதிபதியல்லர். குற்றமா அன்றா என்று தீர்ப்பது போலீஸாரும் நீதிமன்றமும் செய்யவேண்டிய பணி. நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவரைச் சட்டம் காக்கின்றது. பகைகொண்டு பொய்கூறும் வயதுவந்தோரைத் தண்டிக்கின்றது. தீர விசாரித்த பின்னரே சொல்வோம் என்று நடுவர் தாமே துப்பறியப் புகுவதே உண்மைக்கும் பொய்க்கும் ஒருங்கே கேடு விளைப்பது.

கட்டாயமாகத் தெரிவிக்கவேண்டும் என்றால் குழந்தைகள் வாய்திறக்கவே அஞ்சுவர் என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. போலீஸ் நிலையத்தை எண்ணி நடுங்கும் குடும்பங்கள் பல. இதற்கு மாற்று, சட்டத்தை மறைப்பதன்று. ஆண்டின் தொடக்கத்திலேயே குழந்தைகளுக்கும் பெற்றோர்க்கும் இம்முறையை விளக்கி, சொன்ன பின் என்ன நிகழும், யார் துணைநிற்பர் என்பதை அறிவித்துவைத்தலே மாற்று.

நிறுவனத்தின் பெயர் கெடுமே என்பது நான்காவது. இதனை வெளிப்படையாகச் சொல்வோர் சிலர். உள்ளத்தில் வைத்திருப்போர் பலர். மேலே கூறிய மிச்சிகன் பல்கலைக்கழகம் 2018-இல் 50 கோடி டாலர் இழப்பீடு தர உடன்பட்டது. அதனைக் கொண்டும் இழந்த பெயரை அது வாங்கக்கூடவில்லை. மறைத்ததனாலேயே பெயர் கெடும். உடனே வெளிப்படுத்தியதனால் அன்று.

இப்பயிற்சி, கணினித்திரையில் அரைமணி நேரம் பார்த்து ஒரு சான்றிதழ் பெறும் சடங்காக முடிந்துவிடக்கூடும் என்பது ஐந்தாவது தடை. இதனை யாம் முழுதும் ஒப்புகின்றோம். ஒருமுறை பெற்ற காகிதம் எவரையும் காவாது. நிகழக்கூடியவற்றை எடுத்துக்கூறி, நீ என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரையும் விடைசொல்ல வைக்கும் பயிற்சியே பயன்தரும். அமெரிக்காவில் செய்தி எட்டியும் நடவடிக்கை இறந்ததை முன்னரே கூறினோம். ஆதலின், செய்தியைக் கேட்பவர் யார், அதனை மேற்கொண்டு செல்பவர் யார் என்பது பெயரோடு குறிக்கப்படாத பயிற்சி குறையுடையதே.

எனவே நம் கல்லூரியின் முன்னே சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், சிறார் பந்தயங்களுக்குச் செல்ல விரும்பும் மாணவர்க்கும் தேகப்பயிற்சித் துறையார்க்கும் அரைநாட் பயிற்சி ஒன்று நடைபெறுக. சட்டம் அறிந்த ஒருவரும், குழந்தைநலப் பணியில் அனுபவமுடைய ஒருவரும் அதனை நடத்துக. நம் மாணவருள் முதலாண்டினர் சிலர் தாமே பதினெட்டு நிரம்பாதவர்; தமக்கும் இக்காவல் உண்டென்பதை அவர்களும் அங்கே அறிக. முறையீடுகளைக் கேட்பதற்கு ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் நியமிக்கப்பட்டு, அவர்தம் பெயரும் தொலைபேசி எண்ணும் மைதானத்தின் வாயிலில், பள்ளிச் சிறார் படிக்கக்கூடிய எளிய தமிழில் எழுதப்படுக. நம் மைதானத்தை இரவல் பெறும் வெளிக்கழகங்களும் இவ்விதிக்கு உட்படுக. பயிற்சி பெறாத எவர்க்கும் நம் கல்லூரியின் பெயரால் விசில் அளிக்கப்படாதிருக்க.

பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களிற் பலர் பள்ளிகளின் தலைவராகவும், மாவட்ட விளையாட்டுச் சங்கங்களின் உறுப்பினராகவும் இருக்கின்றீர்கள். நடுவர் தேர்வில் ஆட்ட விதிகளைப் பற்றிய வினாக்களோடு இதனைப் பற்றிய வினாவும் இடம்பெறச் செய்தல் உங்கள் கையில் உள்ளது. இங்கிலாந்தில் இளையோர் கால்பந்திற்கு நடுவராக விரும்புவோர் குழந்தைப் பாதுகாப்புப் பாடத்தையும் முடிக்கவேண்டும் என்பது இன்று நடைமுறையில் உள்ளது. அவர்கள் அதனைப் பல குழந்தைகளின் கண்ணீரை விலையாகக் கொடுத்தே கற்றனர். அவ்விலையை நாமும் கொடுத்துத்தான் கற்கவேண்டும் என்னும் நியதி இல்லை.

சிறு பிள்ளைகளுக்கு இடறல் உண்டாக்குவோரைப் பற்றி ஆண்டவர் கூறிய எச்சரிக்கை மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவர் திருவாய்மொழிகளில் அதனினும் கடுமையானவை மிகச்சில. அவ்வேதத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்த கல்லூரி, சட்டத்திற்கு அஞ்சியாவது பிறரைப் பார்த்தாவது இக்கடமையை மேற்கொள்ளுதல் சிறப்பாகாது. தானே முன்வந்து மேற்கொள்ளல் வேண்டும். வரும் ஆண்டின் பந்தயங்கள் தொடங்குமுன் இது நிறைவேறும் என நம்புகின்றோம்.